இரண்டு துடிப்புக்கு நடுவே

ஆடி அமாவாசைக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, ஒரு பௌர்ணமிக்குச் சதுரகிரி போயிருந்தோம், நானும் தங்கை கணவரும். தாணிப்பாறையில் கேட் திறக்கக் காத்திருந்த விடியற்காலையில், பக்கத்தில் ஒரு சுமைக்காரர் உட்கார்ந்திருந்தார். அன்னதானத்துக்கு மேலே போகவேண்டிய 25 கிலோ அரிசிச் சிப்பம் அவர் காலடியில் கிடந்தது. சும்மாட்டுத் துண்டை முறுக்குவதும் பிரிப்பதும் மறுபடி முறுக்குவதுமாக இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கெண்டைக்கால் மட்டும் இருபத்தைந்து வயதுக்காரனுடையது.

"அண்ணாச்சி, கையக் குடுங்க. நாடி பாக்கணும்."

"வைத்தியம் பாப்பீகளா தம்பி?"

"இல்லண்ணாச்சி, சும்மா எண்ணிப் பாக்கத்தான்."

சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 15 நொடியில் 13. நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு 52.

எண்ணிக்கை இருக்கட்டும். என் விரலுக்குக் கிடைத்த சுகம் அந்தத் துடிப்புகளுக்கு நடுவே இருந்த அமைதியில் இருந்தது. ஒவ்வொரு துடிப்பும் தடித்து, முழுசாக வந்து விரலை மேலே தள்ளிவிட்டுப் போகும். அதன் பிறகு ஒன்றுமே இராது. அடுத்தது வருமா என்று விரல் காத்திருக்கும். நாம் பதறத் தொடங்கும் கணத்தில் எந்த அவசரமும் இல்லாமல் அடுத்தது வரும். இன்னும் கொஞ்சம் கவனித்தால், அவர் மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் லேசாக நெருங்கின. மூச்சை விடும்போது விலகின. தாலாட்டும் கை தொட்டிலை ஒரே வேகத்தில் ஆட்டுவதில்லை அல்லவா, அதுபோல. ஆரோக்கியமான இதயம் கடிகாரம் போலத் துடிக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மூச்சோடு சேர்ந்து அசைகிறது. உழைத்துப் பழகிய இதயத்தில் இந்த அசைவு இன்னும் துலக்கமாகத் தெரியும்.

சித்தர்கள் மலை என்று பேர்பெற்ற இடத்தில் இருந்துகொண்டு இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் நாடி நூல்கள் துடிப்பை எண்ணச் சொல்லவில்லை, அதன் நடையைப் பார்க்கச் சொல்லின. வாதநாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும். பித்தநாடி ஆமை, அட்டை போல. கபநாடி தவளை, பாம்பு போல. மூன்று விரலின் நுனியில் ஏழு உயிர்களின் நடையைப் பிரித்துணர முயன்ற அந்தக் கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வைத்தியத்தில் அது எவ்வளவு தூரம் பலிக்கும் என்பது வேறு பேச்சு. விரல் நுனிக்கு அவ்வளவு கூர்மை உண்டு என்று நம்பினார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். வயது 41. சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை. காலண்டர் சீசனில் நாள் முழுக்க மிஷின் பக்கத்திலேயே கிடப்பார். 15 நொடியில் 24, அதாவது 96. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு 80தான் இருக்கும். இன்னும் ஒரு படிகூட ஏறவில்லை. மலையைப் பார்த்ததுமே இதயம் கிளம்பிவிட்டது.

இது குறை ஒன்றும் இல்லை, இதயத்தின் முன்யோசனை. ஓட்டப்பந்தயக் கோட்டில் நிற்பவருக்கும் மேடை ஏறப்போகிறவருக்கும் இப்படித்தான். உடம்பு கேட்பதற்கு முன்பே மூளை சொல்லி அனுப்பிவிடும். சிவகாசி வட்டாரத்தில் இந்தத் துடிப்பின் இன்னொரு முகத்தையும் பார்த்திருக்கிறேன். வேலை நேரத்தில் தூரத்தில் எங்கோ கனத்த ஒரு சத்தம் கேட்டால் தெருவே ஒரு கணம் நிற்கும். எந்தப் பக்கம், எந்த ஊர், யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று எல்லோர் கையும் செல்போனைத் தேடும். கால் ஓரடி எடுத்து வைத்திராது. நெஞ்சு மட்டும் மலை ஏறிக்கொண்டிருக்கும். அந்த நெஞ்சுகளின் கணக்கை எந்த மருத்துவமனையும் எழுதி வைப்பதில்லை.

இனி அந்த 52க்கும் 80க்கும் வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எல்லோர் உடம்புக்கும் ஏறத்தாழ ஒரே அளவு இரத்தம் போதும், நிமிடத்துக்கு 5 லிட்டர் வாக்கில். பழகாத இதயம் ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லி வெளியேற்றும். அதனால் 70 தடவை துடிக்க வேண்டும். நீண்ட காலம் நடந்தோ ஓடியோ பழகிய இதயம் ஒரு துடிப்பில் 100 மில்லி அனுப்பும்; 50 தடவை போதும். சிறு செம்பால் அண்டாவை நிரப்புகிறவருக்கும் பெரிய செம்பால் நிரப்புகிறவருக்கும் உள்ள வித்தியாசம். நிமிடத்துக்கு 20 துடிப்பு குறைந்தால் ஒரு நாளைக்கு 28,800 துடிப்பு மிச்சம்.

அந்தச் செம்பு எப்படிப் பெரிதாகிறது? 1899ஆம் ஆண்டிலேயே சுவீடனில் ஹென்ஷன் என்ற மருத்துவர் அதைக் கண்டுகொண்டார். பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, சத்தம் மாறும் இடத்தை வைத்தே இதயத்தின் விளிம்பைக் குறித்தார். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறோமே, அந்த வித்தைதான். வீரர்களின் இதயம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அது நோயால் வந்த வீக்கம் அல்ல, உழைப்பால் வந்த வளர்ச்சி என்று சொன்னார். நடை, ஓட்டம், நீச்சல் போன்ற நெடுநேர உழைப்பில் இதயத்தின் இடது கீழறை உள்ளே விசாலமாகிறது. மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கும் உழைப்பில் வேறு விதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் அசைய மறுத்து நிற்கும் அந்தச் சில நொடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்தவர்கள் மூச்சை அடக்கிக் குதிகாலை ஊன்றி நிற்பார்கள். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். அப்போது துடிப்பின் வேகத்தைவிட இரத்த அழுத்தம்தான் எகிறும். அப்படிப்பட்ட உழைப்பே வருடக்கணக்கில் தொடர்ந்தால் அறையின் சுவர்தான் தடிக்க வேண்டியிருக்கும். ஒரே தசை, கேட்கப்படும் வேலைக்குத் தகுந்தபடி ஓரிடத்தில் அறையை விரிக்கிறது, ஓரிடத்தில் சுவரைக் கெட்டியாக்குகிறது.

கேட் திறந்தது. சுமைக்காரர் சிப்பத்தைத் தலைக்கு ஏற்றினார், நடந்தோம்.

முதல் அடியில் நடப்பதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவு அழகு அது. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 வாக்கில் துடிக்கும். நாம் சும்மா இருக்கும்போது அது 70ஆக இருப்பதற்குக் காரணம், மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதை எந்நேரமும் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பதுதான். மாட்டு வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றை லேசாக இழுத்துப் பிடித்தபடியே வருகிற மாதிரி. நடக்கத் தொடங்கியதும் உடம்பு சாட்டையை எடுப்பதில்லை, முதலில் கயிற்றைத்தான் தளர்த்துகிறது. கால் தசை இறுகிய அரை நொடிக்குள் அடுத்த துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். 100ஐத் தாண்டும் வாக்கில்தான் அட்ரினலின் வகை வேதிப்பொருள்களின் தூண்டுதல் பெரிதாகச் சேர்கிறது. சுமைக்காரரின் கயிறு 52 வரை இழுத்துக் கட்டப்பட்டது. சும்மா தளர்த்தியே அவரால் நெடுந்தூரம் போக முடியும். மாப்பிள்ளைக்குக் கேட்டிலேயே 96. தளர்த்த இன்னும் எவ்வளவு கயிறு மிச்சம் இருக்கும்?

மாங்கனி ஓடையைத் தாண்டி வழுக்குப்பாறைக்கு மேலே ஏற்றம் செங்குத்தாகும் ஓர் இடத்தில் மாப்பிள்ளை பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "மச்சான்..." என்றார், அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்லை. நெஞ்சில் வலி இல்லை, இடது கையில் இழுப்பு இல்லை என்று முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இந்த மலையில் நெஞ்சுவலி வந்து பக்தர் இறந்த செய்தியை நம் பக்கத்து நாளிதழ்களில் பலமுறை வாசித்திருக்கிறோம். வலி இருந்தால் நாடி எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் அதுவல்ல. மூச்சிரைப்பு மட்டும்தான் என்று தெரிந்த பிறகே கையைப் பிடித்தேன். 15 நொடியில் 43. நிமிடத்துக்கு 172. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி அவர் உச்சத்தை எட்ட இன்னும் ஏழெட்டுத் துடிப்புதான் பாக்கி. சுமைக்காரரும் எங்களுக்காக நின்றார். தலையில் 25 கிலோவோடு அதே ஏற்றத்தை ஏறியவர். 15 நொடியில் 30. நிமிடத்துக்கு 120.

பழகியவரின் இதயம் உச்ச உழைப்பில் இன்னும் வேகமாகத் துடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உச்சத் துடிப்பு வயதோடு போகிறது. பயிற்சியால் அது ஏறுவதில்லை, சிலருக்குக் கொஞ்சம் குறையவும் செய்யும். வித்தியாசம் முழுக்கச் செம்பில்தான். பழகாத இளைஞரின் இதயம் உச்சத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சொச்சம் அனுப்பும். தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரரின் இதயம் அதே துடிப்பில் 35 லிட்டரை நெருங்கும். நம் ஊர்க் குழாயடிக் கணக்கில் சொன்னால், 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் ஒருவருக்கு ஒன்றரைக் குடம், இன்னொருவருக்கு இரண்டு குடத்துக்கு மேல், ஒரே நிமிடத்தில். உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஐந்து லிட்டர்தான். ஓட்டக்காரரின் உச்ச உழைப்பில் அது ஒரே நிமிடத்தில் பலமுறை சுற்றி வருகிறது.

நான் இதற்கெல்லாம் மேலாக வியப்பது அந்த இடைவெளியைத்தான். 50 துடிப்பில் ஒரு துடிப்புக்கு 1.2 நொடி. அதில் சுருங்குவதற்கு ஏறத்தாழ 0.3 நொடி போக, மீதி 0.9 நொடி ஓய்வு. நிமிடத்துக்கு 180 துடித்தால் மொத்தமே 0.33 நொடி, ஓய்வுக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. துடிப்பு கூடும்போது சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும். வெட்டு விழுவது ஓய்வின் மேல்தான். அந்த ஓய்வில்தான் அறை நிரம்ப வேண்டும். அந்த ஓய்வில்தான் இதயம் தனக்கும் உணவு எடுத்துக்கொள்கிறது. சுருங்கும்போது அதன் தசையே தன் சொந்த இரத்தக்குழாய்களை நெரித்துவிடுவதால், இடது கீழறைத் தசைக்குப் பெரும்பாலான இரத்தம் தளரும்போதுதான் பாய்கிறது. ஊருக்கெல்லாம் பரிமாறுகிற கை, பந்திக்கும் பந்திக்கும் நடுவே ஒரு கவளம் அள்ளிப் போட்டுக்கொள்வது போல. பழகிய இதயம் தன் ஓய்வை நீட்டி வைத்திருக்கிறது. 120இல் ஏறுகிற அண்ணாச்சிக்கு அந்தக் கவளத்துக்கு நேரம் இருக்கிறது. 172இல் நிற்கும் மாப்பிள்ளைக்கு அது வாய்க்கு எட்டுவதற்குள் அடுத்த பந்தி.

பட்டாசுக்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு நுணுக்கமும் இந்த நிரம்புதலில் உண்டு. மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு நேராகப் பாய்ந்துவிடுவதில்லை. நடுவில் ஒரு சிறு முடிச்சில் பத்தில் ஒரு பங்கு நொடி தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் மேலறை தன் கடைசிச் சொட்டையும் கீழே இறக்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கீழறை இறுகுகிறது. சிவகாசியில் திரி செய்கிறவரைக் கேட்டால் இதன் அருமை புரியும். வெடிக்கு மருந்து எவ்வளவு முக்கியமோ, பற்றவைத்தவர் விலகி நிற்பதற்குத் திரி தரும் அந்த இரண்டு மூன்று நொடியும் அவ்வளவு முக்கியம். அவர் கை அளந்து வைக்கும் தாமதத்தை மார்புக்குள் ஒரு முடிச்சு பிறந்தது முதல் அளந்துகொண்டிருக்கிறது.

அதே சிவகாசியைப் பற்றி ஒரு வருத்தமும் எனக்கு உண்டு. இந்த வட்டாரத்தைவிட உழைக்கிற வட்டாரம் இருக்குமா என்று தெரியவில்லை. 1920களில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்ட நாள் முதல் மூன்று நான்கு தலைமுறை விரல்கள் இங்கே ஓயவில்லை. சட்டத்தில் குச்சி அடுக்கும் அக்காவின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? கண் வேறெங்கோ இருக்கும். குச்சி தன் பள்ளத்தில் தானே போய் உட்காரும். சரம் பின்னுகிற கையும் அப்படித்தான். வீணைக்காரரின் விரலுக்கு உள்ள பயிற்சிக்கு அது ஒரு துளியும் குறைந்ததில்லை. ஆனால் எல்லாம் உட்கார்ந்தே செய்கிற வேலை. பயிற்சி விரலில் ஏறியதே தவிர இதயத்துக்கு வந்து சேரவில்லை. கம்பெனி பஸ் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடுகிறது. காலை முதல் மாலைவரை அசராமல் உழைத்த பெண், ரேஷன் அரிசிப் பையோடு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள். "வேலதான் செய்யுறோமே, தனியா எதுக்கு நடக்கணும்" என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். இதயத்துக்கு அவள் உழைப்பு தெரியவே இல்லை என்று எப்படி எடுத்துச் சொல்வது? பெரிய தசைகள், முக்கியமாகக் கால் தசைகள், தொடர்ந்து பல நிமிடம் இரத்தம் கேட்டால்தான் இதயம் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளும்.

பாறையடிக்கு மறுபடி வருகிறேன். சுமைக்காரர் நின்ற விதத்தை மாப்பிள்ளைக்குக் காட்டினேன். சிப்பத்தை ஒரு பாறைத் திட்டில் சாய்த்து இறக்கினாரே ஒழிய, அவர் உட்காரவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு, குதிகாலை லேசாகத் தூக்கித் தூக்கி வைத்தபடி நின்றார். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஏற்றத்தில் விரிந்துபோன கால் குழாய்களில் இரத்தம் தேங்கிவிடாமல், கெண்டைக்கால் தசை அதைப் பிழிந்து மேலே அனுப்ப அந்தச் சின்ன அசைவு போதும். பாடுபட்டு ஏறிவிட்டுத் திடீரென்று அசையாமல் நிற்பவர்களுக்குக் கண் இருட்டுவது இது இல்லாததால்தான். எங்கள் பக்கம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கும், தலைச்சுமையை யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து, நின்றபடியே இளைப்பாறிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் உயரத்தில். உட்காரச் சொல்லாத ஓய்வு அது.

ஒரு நிமிடம் கழித்து இரண்டு பேர் கையையும் மறுபடி எண்ணினேன். மாப்பிள்ளைக்கு 172 இறங்கி 156 ஆகியிருந்தது. அண்ணாச்சிக்கு 120 இறங்கி 84. ஒரு நிமிடத்தில் 36 துடிப்பை விட்டுவிட்டார். இதயத்தின் தரத்தை அது ஏறும் விதத்தைவிட இறங்கும் விதத்தில் பார்க்க வேண்டும் என்பேன். கயிற்றை எவ்வளவு சீக்கிரம் திரும்ப இழுத்துப் பிடிக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் மருத்துவர்கள் 2,428 பேரை டிரெட்மில்லில் நடக்கவைத்து, ஆறு ஆண்டு பின்தொடர்ந்து 1999இல் எழுதினார்கள்: நின்ற முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்கும் குறைவாகவோ இறங்கியவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. மாப்பிள்ளை 16 இறங்கியிருந்தார். அந்த எண்ணைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை மறக்க மாட்டேன்.

"அண்ணாச்சிக்குப் பிறவியிலயே அப்படி ஒரு நெஞ்சு, மச்சான்" என்றார், மூச்சு திரும்பியதும்.

பிறவிக்கும் ஒரு பங்கு உண்டுதான். ஆனால் 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அந்த மூன்று வாரத்தில் அவர்கள் உடல் திறன் மளமளவென்று சரிந்தது. பிறகு சுமார் எட்டு வாரப் பயிற்சியில் இழந்தது மீண்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. இதைச் சொல்லிக்கொண்டே கோரக்கர் குகையைத் தாண்டினோம். இரட்டை லிங்கம் வரும்வரை மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பிலாவடிக் கருப்பசாமி சன்னதிக்கு வந்தபோது சுமைக்காரர் எங்களுக்கு வெகு முன்னே போயிருந்தார். மேலே இலை போடும் சத்தம்கூடக் கேட்கத் தொடங்கிவிட்டது.

மாப்பிள்ளை வீடு திருத்தங்கல்லில். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் இருக்கும் சின்னக் குன்று அவர் தெருவிலிருந்து பார்த்தால் தெரியும். சதுரகிரியிலிருந்து திரும்பிய வாரம், மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொண்டு, தினம் காலையில் அதில் ஏறி இறங்க ஆரம்பித்தார். முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே நடை இலேசாகிவிட்டது என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆரம்ப மாற்றத்தில் பெரும்பங்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் வருவது. நிரம்புவதற்கு அதிகம் இருப்பதால் அதே செம்பு இன்னும் நிறைய மொள்கிறது. அறை விசாலமாக மாதங்கள் ஆகும். ஆறு மாதம் கழித்து, வீட்டில் உட்கார்ந்தபடி எண்ணினால் 80 இருந்தது 68க்கு வந்திருந்தது.

போன மாதம் அவரோடு அந்தக் குன்றின் படியில் ஏறினேன். மேலே போய் நின்றதும் தானாகவே குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தார். தான் அப்படிச் செய்வது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பிறகு மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, பேசாதீங்க என்று எனக்கு இன்னொரு கையால் காட்டினார். மிஷின் சத்தத்தைக் கேட்டே தாள் சிக்கப்போவதைச் சொல்கிறவர் அவர். அதே காதை இப்போது விரலுக்கு மாற்றியிருந்தார்.

"முன்னாடி ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு வரும் மச்சான். இப்பப் பாருங்க, நடுவுல எடம் இருக்கு" என்றார்.

கீழே தென்காசிப் பக்கம் போகும் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. எண்ணிக்கை தவறிவிட்டது போலிருக்கிறது. ரயில் போய் முடியும்வரை காத்திருந்து, கடிகார முள்ளைப் பார்த்து, ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.